இஞ்சின் ஆறட்டும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்புலன்ஸ் டிரைவர் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் வணக்கம் சொல்ல மாட்டார். நேரே போய் டி.வி.யின் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். புறங்கையால். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல, அவ்வளவு மெதுவாக. பிறகு திரும்பி, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு "படிச்சிக்கிட்டுத்தான் இருந்தோம் மாமா" என்று பல்லைக் காட்டுகிற பிள்ளைகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அவ்வளவுதான். மிச்சத்தை அம்மாமார் பார்த்துக்கொள்வார்கள். பெட்டி மாதிரிப் பெரிய டி.வி. இருந்த காலம் அது. பின்னாளில் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குத் தட்டை டி.வி. வந்தபோது, பிள்ளைகள் அதில் வந்த படத்தைவிட அதன் முதுகைத்தான் அதிகம் கொண்டாடினார்கள். அது லேசில் சூடாகாது.

அவருக்குப் பெயர் இருந்தது. சம்பளச் சீட்டில் நானே எத்தனையோ தடவை அதை டைப் அடித்திருக்கிறேன்; தோட்டத்து ஆபீசில் முப்பது வருசம் கிளாக்கராக இருந்தவன் நான். ஆனால் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்திலும் கோயிலிலும் கடையிலும் அவர் டிரைவரண்ணேதான். இப்போது வத்தளையில் மகள் வீட்டில் இருக்கிறார். மருமகன் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு "வேல முடிஞ்சுது மாமா" என்று சொல்லும்போது அங்கே என்ன நடக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

என்னிடமும் அவர் கை வைத்திருக்கிறார். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினேன். உண்மையில் அன்றைக்கு ஹட்டனில் என் மச்சானின் கடைத் திறப்பு விழா. விடியற்காலையில் போய், கேசரியும் வடையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, பத்து மணிக்குள் திரும்பிவந்து போர்வைக்குள் புகுந்துகொண்டேன். பெரிய கிளாக்கருக்கு என்மேல் அப்படியொரு பாசம், அம்புலன்ஸையே அனுப்பிவிட்டார். டிரைவரண்ணே உள்ளே வந்தார். என் நெற்றியில் புறங்கையை வைத்தார். வெளியே போய், வாசலில் நின்ற என் மோட்டார் சைக்கிளில் கையை வைத்தார். திரும்ப வந்து கதவில் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்கு ஒண்ணுமில்ல. பைக்குக்குத்தான் காய்ச்சல். அத வேணும்னா ஏத்திக்கிட்டுப் போகவா?"

ஆபீசில் இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ. அதற்கப்புறம் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தபோதுகூட நான் லீவு போடவில்லை.

"சூடு பொய் சொல்லாது தம்பி" என்பார். "மனுசன் சொல்லுவான், மீட்டரு சொல்லும். சூடு சொல்லாது." நோர்வூட் டவுனில் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டால், "இப்பத்தான் எறக்குனது, சுடச்சுட" என்று வாய்வரை வந்ததை அப்படியே விழுங்கிவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டிமேல் அவர் புறங்கை விழுந்தால், அன்றைக்கு அந்த ரோல்ஸ் யாருக்கும் போணியாகாது.

எல்லாமே சிரிப்பாக முடிந்தது என்று சொல்ல முடியாது. ஒரு கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் உடப்புசல்லாவையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். முகூர்த்தம் நெருங்கி, பெண்ணின் தகப்பனுக்கு வேர்த்துக் கொட்டிய பிறகுதான் கோயில் முடக்கிலிருந்து மேளத்தோடு நடந்து வந்தார்கள். "வழியில டயர் போயிருச்சுங்க. ரோட்டுலேயே ரெண்டு மணி நேரம். இப்பத்தான் வந்து எறங்குறோம்" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். டிரைவரண்ணே மட்டும் வேன் நின்ற பக்கம் மெதுவாக நடந்துபோய்த் திரும்பிவந்தார்.

"வேன் பானட்டு ஜில்லுன்னு இருக்கே" என்றார், யாரையும் பார்க்காமல். "அது அங்க நின்னு ரெண்டு மணி நேரமாச்சு. அதுக்குப் பக்கத்துல என்ன கடை இருக்கு?"

என்ன கடை என்று ஊருக்கே தெரியும். சித்தப்பாவின் வாயிலிருந்து வந்த வாசமும் அதையே சொன்னது. பெண்ணின் அம்மா அழ, அண்ணன் வேட்டியை மடித்துக் கட்ட, அரை மணி நேரம் ரகளை. தாலி கட்டி முடிந்தது, பெண் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். ஆனால் அதற்கப்புறம் கலியாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள் அவரைப் பார்த்து, "உங்களுக்கு அன்னைக்கு டூட்டி இருக்குமே அண்ணே?" என்று ஆசையோடு கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதை எனக்குச் சொன்னவர் தோட்டத்து மருத்துவிச்சியம்மா. டிரைவரண்ணே அம்புலன்ஸ் ஓட்ட வந்த புதிதில், ஒரு தை மாதத்து விடியல். புல்லெல்லாம் பனி வெள்ளையாகப் படிந்து கிடந்தது. தோட்டத்தின் மேல் பிரிவில், மேல் கணக்கு லயத்தில், ஒரு பெண்ணுக்கு வலி. முந்தின நாள் பூரா வண்டியைக் கவனித்த இன்னொரு டிரைவர், "ஒரு கொறையும் இல்ல, தொட்டா ஸ்டாட்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தார். தொட்டார். கிளம்பவில்லை. அந்த டிரைவர் பகலில் வண்டியைச் சரிவில் நிறுத்தி, உருட்டி உருட்டியே ஓட்டியிருக்கிறார். குளிர்ந்த இஞ்சினை ஒருதடவைகூடச் சாவி போட்டுக் கிளப்பிப் பார்த்ததில்லை. லயமே இறங்கித் தள்ளியது. அரை மணி நேரம். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மூன்றாம் வளைவில் பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். "ஆனா அந்த அரை மணி நேரமும் அவரு ஸ்டேரிங்கப் புடிச்சிக்கிட்டு அழுதாருங்க" என்றார் மருத்துவிச்சியம்மா. அன்றையிலிருந்து, ஓடிச் சூடான இஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அவர் நம்புவதில்லை. ஆறிக் கிடக்கும்போது அது என்ன சொல்கிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு.

இனி என் கதைக்கு வருகிறேன். ஏழெட்டு வருசத்துக்கு முன்னால் நான் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றேன். ஈ.பி.எப். காசு மொத்தமாகக் கைக்கு வந்தது. முப்பது வருச உழைப்பு. அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. என் வீட்டம்மா ஆட்டோ வாங்கச் சொன்னாள். மச்சான் மரக்கறிக் கடை வைக்கச் சொன்னார். நான் தண்ணீரில் ஓடுகிற போட்டு ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. கண்டி பஸ்ஸில் கினிகத்தேனை தாண்டும்போதே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிறவன். போட்டு என்றால் பாய்போட்ட ஓடம் இல்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து டேம் கரையில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற சிங்கள மாத்தயா ஒருவர் விற்கப்போவதாகச் சொன்னது கெபின் வைத்த போட்டு. உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, சின்ன அடுப்பு, கண்ணாடி ஜன்னல், தரைப் பலகைக்கு அடியில் டீசல் இஞ்சின். நீர்கொழும்பில் கடலோரக் களப்பில் ஓடியதை லொறியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்திருந்தார். அவருக்கு வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை. பழைய துரை பங்களாக்களில் வந்து தங்குகிற வெள்ளைக்காரர்களை ஏற்றி டேமைச் சுற்றிக் காட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். நான் கெபினுக்குள் போய் மெத்தையில் ஒருதரம் உட்கார்ந்து பார்த்தேன், ஜன்னல் திரையை இழுத்துப் பார்த்தேன், திருப்தியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு வாசற்கோலத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பெண் கொடுக்கிறவன் மாதிரி.

"இஞ்சினப் பாத்தீங்களா?" என்றாள் வீட்டம்மா.

"பாத்தேன். பச்சை பெயிண்ட் அடிச்சு அழகா இருக்கு."

அவள் என் போனை எடுத்து டிரைவரண்ணேக்கு அடித்தாள். அவரும் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். திங்கட்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் வந்து பார்க்கிறேன் என்றார். "ஒண்ணு மட்டும் தம்பிக்கிட்ட சொல்லிருங்க. நா வர்ற வரைக்கும் யாரும் அதத் தொடக்கூடாது. ஆறிக் கெடக்கணும்."

வீட்டம்மா அதை எனக்குச் சொன்னாள். சொன்ன அதே வாயால், கலண்டரைக் கிழித்துப் பார்த்து, இன்னொன்றையும் சொன்னாள். "திங்கக்கெழம ஏழரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அண்ணே வந்து ராகுகாலத்து வாசத்துல மொத மொதல்ல இஞ்சினத் தொடுறது எனக்குச் சரியாப் படல. நீங்க காலையிலயே போயி, ஏழரைக்குள்ள நல்ல நேரத்துல ஒருதடவ ஸ்டாட் பண்ணி, சாமிக்குக் காட்டிட்டு நிப்பாட்டிருங்க. ஒன்பதுக்குள்ள அது ஆறிரும்."

ஒரு பக்கம் டிரைவரண்ணே, ஒரு பக்கம் வீட்டம்மா. நான் யாரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று யோசித்தேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தேங்காய், கற்பூரம், ஊதுவத்தி, எலுமிச்சம்பழம், ஒரு கைமணி சகிதம் டேம் கரையில் நின்றேன்.

மாத்தயா வேடிக்கை பார்த்தார். போட்டு ஓட்டுகிற சுனில் சாவியைப் போட்டார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மணியை அடித்துக்கொண்டு, கற்பூரத்தைச் சுற்றினேன். தேங்காய் உடைத்தேன். எலுமிச்சம்பழத்தில் மட்டும் சிக்கல். வண்டி என்றால் டயருக்கு அடியில் வைத்து நசுக்கலாம். போட்டுக்கு டயர் ஏது? கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு முழித்துவிட்டுத் தண்ணீருக்குள் எறிந்தேன். இஞ்சின் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மயங்கிப்போய், "ஒரு ரவுண்டு போவோமா?" என்று கேட்டேன். லைப் ஜாக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு ரவுண்டு போய் வந்தேன். பிறகுதான் டிரைவரண்ணேயின் நினைப்பு வந்தது. சுனிலிடமும் மாத்தயாவிடமும் கைகூப்பி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், வரப்போகிறவரிடம் இதைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மாத்தயா சிரித்தார். "சொல்ல மாட்டேன்" என்றார்.

ஒன்பதே காலுக்கு டிரைவரண்ணே வந்தார். மாத்தயாவுக்குத் தலையசைத்தார். பலகையைத் தூக்கச் சொன்னார். குனிந்து புறங்கையை வைத்தார். கையை எடுக்கும்போதே அவர் முகம் மாறிவிட்டது.

"மாத்தயா, யாருக்காக இத சூடாக்கி வச்சீங்க?" சிங்களத்தில் கேட்டார். அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

மாத்தயா என்னைப் பார்த்தார். நான் டிரைவரண்ணேயின் முதுகுக்குப் பின்னால் நின்று கும்பிட்டேன்.

"ஆறிக் கெடந்தா கெளம்பாத இஞ்சின். அதான் காலையிலயே ஓட்டிச் சூடாக்கி வச்சிருக்கீங்க. இந்த மனுசன் முப்பது வருசம் பேனா புடிச்ச காச ஏமாத்தப் பாக்குறீங்க. உங்க வயசுக்கு இது நல்லாயில்ல."

மாத்தயாவின் காது சிவந்தது. என்னை இன்னொருதரம் பார்த்தார். நான் கூப்பிய கையை இறக்கவில்லை. "வேண்டாம் என்றால் போங்கள்" என்றார். "மூன்று மணிக்குக் கண்டியிலிருந்து ஆள் வருகிறது. அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன்."

டிரைவரண்ணே விறுவிறுவென்று ரோட்டுக்கு ஏறினார். நான் பின்னால் ஓடினேன். கீழ் வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டது. அந்த போட்டைப்போல இன்னொன்று இந்த மலையில் கிடைக்காது. வீட்டம்மா ஆட்டோ வாங்கிவிடுவாள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை, அந்த மனுசனின் சிவந்த காது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க."

"பஸ் வருது தம்பி."

"சூடாக்குனது அவரில்ல."

"பின்ன?"

"நான்."

பஸ் வந்து நின்றது. "நகின்ன, நகின்ன" என்று கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார். படியில் வைத்த காலை டிரைவரண்ணே எடுத்தார். பஸ் போய்விட்டது.

"எப்ப?"

"ஏழு மணிக்கு. ராகுகாலத்துக்கு முந்தி."

"எத்தனாவது தடவையில கெளம்புச்சு?"

"தெரியல அண்ணே."

"பொகை என்ன கலரு?"

"கண்ண மூடிக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"கும்புட்டுக்கிட்டிருந்தேன்."

"சரி, சத்தம்? காதையுமா மூடுவாங்க?"

"மணி அடிச்சேன் அண்ணே."

அவர் அப்படியே ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு நாளாக் குளிர்ல ஆறிக் கெடந்த இஞ்சின். அப்பிடி ஒரு ஸ்டாட்டுக் கெடைக்குதுன்னா நா ஹட்டனுலருந்து நடந்தே வந்திருப்பேன். நீங்க மணி அடிச்சிருக்கீங்க."

நான் தலையைக் குனிந்தேன்.

"அந்த மனுசன் பக்கத்துல இருந்தாரா?"

"இருந்தாரு. எல்லாத்தையும் பாத்தாரு."

"பின்ன நா அந்தப் பேச்சுப் பேசும்போது வாயத் தொறக்கலயே?"

"உங்களுக்குப் பின்னால நின்னு நான் கும்புட்டேன் அண்ணே, சொல்லாதீங்கன்னு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்கு நீங்க கும்புட்டதுல அந்த ஒரு கும்புடுதான் வேல செஞ்சிருக்கு" என்றார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்த வழியே இறங்கினார்.

அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கலியாண வீட்டில் அத்தனை பேர் கத்தியபோதும் கேட்கவில்லை. அங்கே அவர் சொன்னது உண்மை. மாத்தயா முற்றத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் போய் நின்று, "நா தப்பாப் பேசிட்டேன் மாத்தயா, சமாவென்ன" என்றார். "நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே?"

"சொல்லமாட்டேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்" என்றார் மாத்தயா, என்னைக் காட்டி. "முட்டாள்தனமான வாக்குத்தான். இருந்தாலும் கொடுத்துவிட்டேனே."

டிரைவரண்ணே என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "ஆளு சரி. இவருக்கிட்ட வாங்கலாம். ஆனா இஞ்சின் ஆறட்டும்."

"இப்பவா? அதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"நீங்கதானே ரவுண்டு போனது? எனக்கென்ன தெரியும்?"

பலகையைத் திறந்து போட்டோம். பக்கத்தில் உட்கார்ந்தோம். மாத்தயா ஒரு பாயும் வாழைப்பழமும் கொடுத்தனுப்பினார். ஒரு இஞ்சின் ஆறுவதைப் பார்த்துக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்த ஆட்கள் இந்த மத்திய மாகாணத்திலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். சும்மா இருக்க அவருக்கு முடியாது. எண்ணெய்க் கம்பியை உருவித் துணியில் துடைத்துக் காட்டினார். "கறுப்பா இருக்கு பாருங்க. கறுத்தா கவல இல்ல. பால்டீ கலர்ல இருந்தாத்தான் உள்ள தண்ணி போயிருக்குன்னு அர்த்தம்." பச்சை பெயிண்டை நகத்தால் சுரண்டினார். "நீங்க மயங்குன பெயிண்டு. புதுசா அடிச்சா என்னத்தையோ மறைக்கிறாங்கன்னு எடுத்துக்கணும். இது பழசு. பரவாயில்ல." தண்ணீர் ஓடுகிற குழாய்களின் மூட்டுகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். இஞ்சினுக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மினுங்குகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். "உப்புத் தண்ணியில ஓடுனது. மலைக்கு வந்தா கொஞ்சம் மூச்சு வாங்கும், பொகை கூட வரும். அதுல தப்பில்ல. நம்மளுக்குந்தான் மேல் கணக்கு ஏறுனா மூச்சு வாங்குது."

மத்தியானம் ரொட்டியும் சம்பலும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே, திடீரென்று, "சூடு பொய் சொல்லல தம்பி" என்றார். "ஆனா யாரு சூடாக்குனான்னு அது சொல்லல பாத்தீங்களா? அத நானாச் சேத்துக்கிட்டேன்." அதற்கப்புறம் தன் புறங்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையெல்லாம் நினைத்துக்கொண்டாரோ.

இரண்டரைக்கே கண்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஜீப்பிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். போட்டில் ஏறி, "ஸ்டாட் பண்ணுங்க, பார்ப்போம்" என்றார்கள். டிரைவரண்ணே பலகையை மூடி அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் ஆறல" என்றார்.

"இவர் யார்?" என்றார்கள்.

மாத்தயா வந்தார். கண்டிக்காரர்களில் ஒருவர் அவர் தோளில் கைபோட்டு ஒதுக்கிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். என்னைவிடக் கூடுதலாக விலை சொல்லியிருப்பார் என்பது தெரிந்தது. மாத்தயா திரும்பிப் பார்த்தார். பாயையும், வாழைப்பழத் தோலையும், பலகைமேல் உட்கார்ந்திருந்த மனுசனையும். "இவர்கள் காலையிலிருந்து காத்திருக்கிறார்கள்" என்றார். "இவர்கள் வேண்டாம் என்றால் உங்களுக்கு."

மூன்று மணி. புறங்கை வைத்தார். "இன்னும் கொஞ்சம்." மூன்றே கால். மழைத் தூறல், மூடுபனி. "இன்னும்." கண்டிக்காரர்கள் ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றரை தாண்டி மறுபடி வைத்தார். கை அங்கேயே இருந்தது.

"இப்ப. எல்லாரும் வாய மூடுங்க. யாராவது மணி வச்சிருந்தா கீழ வச்சிருங்க."

சுனில் சாவியைத் திருப்பினார். கர்ர், கர்ர் என்று முனகியது. நின்றது.

ஜீப்பிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துச் சிரித்தது. முப்பது வருசத்துச் சம்பளச் சீட்டும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் மிதந்து போவது எனக்குத் தெரிந்தது. மாத்தயா வேறு பக்கம் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க" என்றார் டிரைவரண்ணே சுனிலிடம். "கொஞ்சம் விட்டுட்டுத் திருப்புங்க."

இரண்டாவது தடவை. முனகியது, ஒரு இருமல், இன்னொரு இருமல், பிடித்துக்கொண்டது. போட்டே சிலிர்த்தது. பின்னால் வெள்ளைப் புகை குபுக்கென்று வந்தது. டிரைவரண்ணே புகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புகை மெலிந்தது. காற்றோடு கரைந்தது. குழாயிலிருந்து தண்ணீர் சீராகக் கொப்பளித்தது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

கண்ணைத் திறந்தார். "அம்புலன்ஸுக்குப் போடலாம்" என்றார்.

அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டு வந்ததாகச் சரித்திரமே இல்லை. மாத்தயாவுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு என் முன்னால் கையை நீட்டினார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஜீப் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் அழுதேன் என்று சுனில் இன்றுவரை சொல்லித் திரிகிறார். அது மழை.

"ஒரு ஓட்டம் பாத்துருவோம்" என்றார் டிரைவரண்ணே. டேமின் நடுவில் முழு வேகத்தில் விடச் சொன்னார். கெபின் ஜன்னல்கள் கடகடத்தன. நான் கம்பியை ஒரு கையாலும் முருகனை மறு கையாலும் பிடித்துக்கொண்டேன். சரியாக நடுத் தண்ணீருக்கு வந்ததும், "ஓப் பண்ணுங்க" என்றார்.

"இங்கயா? எதுக்கு அண்ணே?"

"சூட்டுலயும் ஒருதரம் பாத்துரணும்ல."

இஞ்சின் நின்றது. நாலாபக்கமும் தண்ணீர். மூடுபனிக்குள் கரை தெரியவில்லை. எங்கோ மேலே கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் மட்டும் தண்ணீர்மேல் வந்தது. சுனில் சாவியைத் திருப்பினார். ஒரே தடவை.

"ம்" என்றார் டிரைவரண்ணே.

திரும்பும்போது அவர் இஞ்சின் பக்கம் உட்காரவில்லை. கெபினுக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் குனிந்து எட்டிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மெத்தையில் ஒருக்களித்துப் படுத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். யார் ஓட்டுகிற வண்டியில் ஏறினாலும் முன் சீட்டில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, தன் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிற மனுசன்.

கரை தெரிய ஆரம்பித்தது. சுனில் வேகத்தைக் குறைத்து, கயிற்றைக் கையில் எடுத்தார்.

போட்டுக்கு முதலாளியாக நான் போட்ட முதல் உத்தரவு அது.

"கட்டாதீங்க சுனில். இன்னொரு சுத்து போங்க. மெதுவா."